குழந்தை அங்கே, பெற்றோர் இங்கே: வளர்ப்புக் குடும்பத்தில் வளரும் குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தத்தெடுக்கப்போகும் குழந்தை யார் என்று முடிவாகிவிட்டது. புகைப்படமும் வந்துவிட்டது. ஆனால் குழந்தை இன்னும் வேறொரு நாட்டில், வேறொருவர் வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த இடைப்பட்ட மாதங்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம். நானும் என் கணவரும் 14 மாதம் இப்படி இருந்தோம். எங்கள் மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். அப்போது நாங்கள் கேட்டவை, பிறகு மற்றவர்கள் எங்களிடம் கேட்டவை எல்லாம் இங்கே கலந்து இருக்கின்றன. சட்ட விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் கோப்பைப் பார்க்கும் சமூகப் பணியாளரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வளர்ப்புத் தாய் என்றால் தத்தெடுத்த தாய்தானே?

தமிழில் இந்தக் குழப்பம் தீராது. பெறாமல் வளர்த்த எல்லோரையும் நாம் வளர்ப்புத் தாய் என்றுதான் சொல்கிறோம். இந்தப் பக்கத்தில் வளர்ப்புத் தாய், வளர்ப்புக் குடும்பம் என்றால் தத்து முடியும்வரை குழந்தையைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள். சட்டப்படி அவர்களுக்குக் குழந்தைமேல் நிரந்தர உரிமை கிடையாது. தத்துப் பெற்றோர் என்றால் கடைசிவரை பெற்றோராக இருக்கப்போகிறவர்கள். யோசித்தால் யசோதையின் நிலைதான் வளர்ப்புத் தாயுடையது. வளர்த்தாள், தேர் வந்து நின்றபோது அனுப்பிவைத்தாள்.

பெற்றோர் முடிவான பிறகும் ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது?

இரண்டு நாடுகளும் தனித்தனியாகச் 'சரி' சொல்ல வேண்டும், அதுவும் வரிசை தவறாமல். இதற்கு அடிப்படை 1993 மே 29 அன்று ஹேக் நகரில் உருவான, நாடு கடந்த தத்து பற்றிய ஒப்பந்தம். 1995 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன.

அந்த ஒப்பந்தம் முதலில் கேட்பது பெற்றோரைப் பற்றி அல்ல. இந்தக் குழந்தை உண்மையிலேயே தத்துக்குக் கொடுக்கப்படக்கூடிய நிலையில் இருக்கிறதா? பெற்றவர்கள் மனமறிந்து, யாருடைய வற்புறுத்தலும் பணமும் இல்லாமல் சம்மதித்தார்களா? தாயின் சம்மதம் பிரசவத்துக்குப் பிறகுதான் வாங்கப்பட்டதா? பிறந்த நாட்டிலேயே ஒரு குடும்பம் கிடைக்குமா என்று பார்த்தார்களா? இவற்றுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகுதான் குழந்தையைப் பற்றிய அறிக்கை உங்கள் நாட்டுக்கு வருகிறது. அப்புறம் இரு நாட்டிலும் தத்துக்குப் பொறுப்பான மத்திய அமைப்புகள் ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தை உங்கள் நாட்டுக்குள் வந்து நிரந்தரமாக வசிக்கலாம் என்ற அனுமதியும் வேண்டும். பிறகு நீதிமன்றம், பாஸ்போர்ட், விசா.

இடையில் காகிதங்களுக்கும் வயதாகிறது. வீட்டாய்வு அறிக்கை (உங்கள் வீட்டையும் தகுதியையும் ஆராய்ந்து எழுதுவது), மருத்துவச் சான்று, காவல்துறைச் சான்று எல்லாவற்றுக்கும் காலக்கெடு உண்டு. ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். எங்கள் காவல்துறைச் சான்றை நாங்கள் இரண்டு முறை புதுப்பித்தோம். இரண்டாம் முறை கவுன்ட்டரில் இருந்தவர், "இன்னும் வரலையா குழந்தை?" என்று கேட்டார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எல்லாத் தாமதமும் ஒன்றல்ல. கோப்பு யாரோ ஒருவர் மேசையில் தூங்குவது ஒரு தாமதம். பெற்றவளின் உறவினர் யாராவது குழந்தையை வளர்க்க முன்வருவாரா என்று தேடுவது வேறு தாமதம். முதலாவதற்குக் கோபப்படலாம். இரண்டாவதற்குக் கோபப்பட நமக்கு உரிமை இல்லை. உங்கள் தாமதம் எந்த வகை என்று, தத்தை நடத்திவைக்கும் ஏஜென்சியிடம் நேராகவே கேளுங்கள்.

குழந்தைகள் இல்லத்திலேயே வைத்திருக்கலாமே, வளர்ப்புக் குடும்பம் எதற்கு?

ஒரு கைக்குழந்தைக்குத் தேவை அதன் அழுகையை அடையாளம் தெரிந்த ஓர் ஆள். மூன்று ஷிப்டில் மாறி மாறி வருகிறவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அது அமைவது கடினம்.

இதை ருமேனியாவில் அளந்தே பார்த்தார்கள். புக்காரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த, 6 முதல் 31 மாத வயதுள்ள 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பு தொடர்ந்தது. சார்ல்ஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஜீனா ஆகிய மூவரும் நடத்திய ஆய்வு இது. குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும், ஒருவரிடம் பற்று வைப்பதிலும் முன்னேறினார்கள். 2 வயதுக்கு முன்பே போனவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

உயரத்திலும் இது தெரியும். இல்லத்தில் கழியும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு மாத உயர வளர்ச்சி குறைகிறது என்பது தத்து மருத்துவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. சாப்பாடு மட்டும் இதற்குக் காரணமில்லை. தொடாமல் வளர்க்கும் குழந்தை வளர்வதும் மெதுவாகிறது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைக் குடும்பச் சூழலில்தான் வைக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டுதல்களும் சொல்கின்றன.

அதற்காக வளர்ப்புக் குடும்பம் எல்லாமே அருமை என்று சொல்ல வரவில்லை. மூன்று வீடு மாறிய குழந்தைக்கு, மாறாத ஆயா ஒருவர் இருந்த சிறிய இல்லமே மேலாக இருந்திருக்கலாம். அதனால் எத்தனை வீடு மாறியிருக்கிறது என்பது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று.

வளர்ப்புத் தாயோடு இவ்வளவு ஒட்டிவிட்டால், பிறகு எங்களிடம் எப்படி ஒட்டும்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

பதில் தலைகீழானது. ஒருவரிடம் நன்றாக ஒட்டிய குழந்தைதான் இன்னொருவரிடம் ஒட்டும். பசை தீர்ந்துபோவதற்கு இது தபால்தலை இல்லை. அழுதால் ஒருவர் வருவார், பயந்தால் ஒரு மடி இருக்கும் என்பதை ஒரு வீட்டில் கற்றுக்கொண்ட குழந்தை, அதே எதிர்பார்ப்போடு உங்கள் வீட்டுக்கு வருகிறது. யாரிடமும் ஒட்டாமல், யார் கை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே போகும் குழந்தையைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. குழந்தை துக்கப்படும். ஆறேழு மாதத்திலிருந்து மூன்று நான்கு வயதுவரை பிரிவு மிகவும் வலிக்கும் பருவம். தன் ஆள் யார் என்று தெரியும், ஏன் போனாள் என்று சொன்னால் புரியாது. நாம் 14 மாதம் காத்துக் கிடந்து கொண்டாடும் நாள், அந்தக் குழந்தைக்கு அம்மாவை இழந்த நாள்.

சிலர் பிரிவு எளிதாகட்டும் என்று, கடைசி மாதங்களில் வளர்ப்புத் தாயைக் கொஞ்சம் விலகி இருக்கச் சொல்வார்களா என்று கேட்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். குழந்தை அதைப் பிரிவுக்குத் தயாராவதாக எடுத்துக்கொள்ளாது. இரண்டு முறை கைவிடப்பட்டதாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

மாதாமாதம் வரும் வளர்ச்சி அறிக்கையை எப்படிப் படிப்பது?

முதலில், மாதாமாதம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில இடங்களில் மாதம் ஒன்று, சில இடங்களில் மூன்று மாதத்துக்கு ஒன்று, சில இடங்களில் கேட்டால்தான் வரும்.

எடை, உயரம், தலைச்சுற்றளவு மூன்றும் இருக்கும். பெரும்பாலும் எல்லோர் கண்ணும் எடையில் போய் நிற்கிறது. குழந்தை மருத்துவர்கள் கூர்ந்து பார்ப்பது தலைச்சுற்றளவை. எடையும் உயரமும் பின்னால் ஓடிப் பிடித்துவிடும், தலை அவ்வளவு எளிதாகப் பிடிக்காது. எண்களை உலக சுகாதார அமைப்பு 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாட்டுக் குழந்தைகளை வைத்துச் செய்த வரைபடம் அது. ஒரு புள்ளியைப் பார்த்துப் பதற வேண்டாம். புள்ளிகளைச் சேர்க்கும் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். 5-ஆவது சதமானக் கோடு என்றால், அதே வயதுள்ள நூறு குழந்தைகளைச் சிறியதிலிருந்து வரிசையாக நிறுத்தினால் ஐந்தாவது இடம். அந்தக் கோட்டிலேயே சீராகப் போகும் குழந்தை சின்னக் குழந்தை, அவ்வளவுதான். 50-இல் இருந்து 10-க்கு இறங்கிய குழந்தைக்குக் காரணம் கேட்க வேண்டும்.

குறைப்பிரசவக் குழந்தையென்றால் 2 வயதுவரை, பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதை எண்ணுங்கள். 8 மாதத்தில் உட்காரவில்லையே என்று ஒரு தம்பதியர் தூக்கமில்லாமல் இருந்தார்கள். குழந்தை 2 மாதம் முன்னதாகப் பிறந்தது என்பது அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

எண்களை மருத்துவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கடைசிப் பத்தியைப் படியுங்கள். வளர்ப்புத் தாய் சொன்னதைச் சமூகப் பணியாளர் இரண்டு மூன்று வரியில் எழுதியிருப்பார். எங்களுக்கு வந்த நான்காவது அறிக்கையில் இப்படி ஒரு வரி இருந்தது: "காதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்." சரி, தன் காதைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் போலிருக்கிறது, காதுவலியாக இருக்குமோ என்று மருத்துவரிடம்கூடக் கேட்டோம். அது வளர்ப்புத் தாயின் காது என்று நேரில் போனபோதுதான் தெரிந்தது.

காத்திருக்கும் நாட்களில் நாங்கள் உருப்படியாக என்ன செய்யலாம்?

அறை அலங்காரத்தை விடுங்கள். ஒரு கேள்விப் பட்டியல் எழுதுங்கள். தூங்க வைக்க என்ன செய்வார்கள்? விளக்கு எரியுமா, அணையுமா? தோளிலா, தொட்டிலிலா, பக்கத்தில் படுத்தா? எதைக் கண்டால் பயம்? யாரைக் கண்டால் சிரிப்பு? குளிக்கும்போது அழுமா? என்ன செல்லப்பெயர்? அழும்போது அந்த அம்மா என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவார்? அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை, அந்த மொழியில், அந்த ராகத்தில் கற்றுக்கொள்ளுங்கள். எங்களுக்கு அனுப்பிய ஒலிப்பதிவு 11 நொடி. என் கணவர் அதைப் பேருந்தில் போகும்போதெல்லாம் கேட்டு மனப்பாடம் செய்தார். உச்சரிப்பு மோசம்தான். ஆனாலும் பின்னால் கைகொடுத்தது அதுதான்.

அனுமதி இருந்தால் உங்கள் படங்கள் உள்ள ஒரு சின்ன ஆல்பம் அனுப்புங்கள். கெட்டி அட்டையில், கடித்தாலும் கிழியாததாக. பத்துப் படம் போதும். உங்கள் முகம் பெரிதாகத் தெரிய வேண்டும். சுற்றுலாப் போன இடத்தில் தூரத்தில் நிற்கும் படம் எல்லாம் குழந்தைக்கு எதற்கு? ஒரு சின்னப் போர்வையோ துணிப் பொம்மையோ அனுப்பினால், வரும்போது துவைக்காமல் தரச் சொல்லுங்கள். அந்த வீட்டு வாசனையோடு வரட்டும்.

வளர்ப்புக் குடும்பத்தோடு நேரடியாக வீடியோவில் பேசலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. குழந்தையைத் தத்துக்கு விடலாம் என்பதும், சம்மதங்களும், உங்கள் தகுதியும் உறுதியாகும்வரை, வருங்காலப் பெற்றோரும் குழந்தையைப் பராமரிப்பவர்களும் தொடர்பு கொள்ளக் கூடாது என்று ஹேக் ஒப்பந்தத்தின் 29-ஆவது பிரிவு சொல்கிறது. உறவுக்குள் நடக்கும் தத்துக்கும், உரிய அதிகாரி விதித்த நிபந்தனைப்படி நடக்கும் தொடர்புக்கும் விலக்கு உண்டு. இது பேரம் பேசுவதைத் தடுக்க வந்த விதி. எரிச்சலாக இருக்கும், ஆனால் நல்ல விதி.

அந்தக் கட்டம் தாண்டிய பிறகு சமூகப் பணியாளர் ஏற்பாடு செய்தால் பேசுங்கள். ஒரு வயதுக் குழந்தை திரையில் உங்களைப் பார்த்து மூன்று நிமிடத்துக்குமேல் உட்காராது. அதற்கு மனம் உடைய வேண்டாம்.

குழந்தையின் படத்தைச் சமூக ஊடகத்தில் போடலாமா?

கூடாது. சட்டப்படி அது இன்னும் உங்கள் குழந்தை அல்ல.

அந்த வளர்ப்புக் குடும்பமே தத்தெடுத்துக்கொள்ளலாமே?

நியாயமான கேள்வி. முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். பிறந்த நாட்டிலேயே தகுந்த குடும்பம் கிடைக்காதபோதுதான் வெளிநாட்டுத் தத்து என்பது அடிப்படை விதி. 1989-ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 21-ஆவது பிரிவு, இதையே சொல்கிறது. குழந்தைக்கு ஏற்கெனவே பழகிய வீடு என்றால் இன்னும் விசேஷம்.

நடைமுறையில், சிலருக்கு வயது அதிகம். சிலருக்கு வளர்க்க மனம் உண்டு, ஆனால் ஆயுள் முழுக்கச் செலவைத் தாங்க வழியில்லை. சில இடங்களில் வளர்ப்புக் குடும்பங்கள் தத்தெடுக்க விதி இடம் தருவதில்லை, அல்லது கடினமாக்குகிறது. "அவர்களிடம் கேட்டீர்களா? என்ன சொன்னார்கள்?" என்று ஏஜென்சியிடம் கேளுங்கள். பதில் 'ஆம், நாங்களே வைத்துக்கொள்கிறோம்' என்று வந்தால் நீங்கள் விலக வேண்டியிருக்கும். அந்தப் பதிலைக் கேட்கத் தைரியம் இல்லாமல் கேட்காமலேயே இருப்பது தப்பு.

எல்லாம் முறையாகத்தான் நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சந்தேகப்படுவது அவமரியாதை அல்ல. நெதர்லாந்தில் அரசு அமைத்த குழு பழைய தத்துகளில் கடுமையான முறைகேடுகளைக் கண்டதால் 2021 பிப்ரவரியில் வெளிநாட்டுத் தத்துகளையே நிறுத்திவைத்தார்கள். தென் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பல குழந்தைகளின் பிறப்பு விவரங்கள் மாற்றப்பட்டன, பெற்றோர் இருந்தும் அநாதை என்று பதியப்பட்டார்கள் என்று 2025 மார்ச்சில் சொன்னது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து, நடுவயதில், தங்கள் கோப்பைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டவை இவை.

அதனால் கோப்பைப் படியுங்கள். 'கண்டெடுக்கப்பட்ட குழந்தை' என்றால் எங்கே, யார், எந்தத் தேதியில், பிறகு பெற்றோரைத் தேட என்ன செய்தார்கள் என்று விவரம் இருக்க வேண்டும். ஒரே மாதிரி வாசகம் பல கோப்புகளில் வந்தால் மணி அடிக்கட்டும். கட்டணத்துக்கு ரசீது கேளுங்கள். 'நன்கொடை' என்று ரொக்கமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தவறான வழியில் யாரும் பணம் பார்க்கக் கூடாது என்பது ஹேக் ஒப்பந்தத்தின் 32-ஆவது பிரிவு. மிகவும் வேகமாக முடித்துத் தருகிறோம் என்கிற ஏஜென்சியைவிட, அலுப்பூட்டும் அளவுக்குக் காகிதம் கேட்கிற ஏஜென்சி எனக்குப் பிடிக்கும்.

பாதியில் அந்த நாடு தத்துக் கதவை மூடிவிட்டால்?

நடந்திருக்கிறது. ருமேனியா 2001-இல் நிறுத்தியது. குவாத்தமாலா 2008-இல் புதிய விண்ணப்பங்களுக்குக் கதவை அடைத்தது. 2012 டிசம்பரில் ரஷ்யா, அமெரிக்கர்கள் ரஷ்யக் குழந்தைகளைத் தத்தெடுப்பதைத் தடைசெய்யும் சட்டம் போட்டது. எத்தியோப்பியா 2018 ஜனவரியில். சீனா 2024 செப்டம்பரில், நெருங்கிய உறவுக்குள் நடப்பதைத் தவிர மற்றதை முடித்துக்கொண்டது. அங்கே கொரோனாக் காலத்தில் பயணம் நின்றபோது பெற்றோர் முடிவாகியிருந்த குழந்தைகள், நான்கு வருடம் காத்திருந்து, கடைசியில் வருவதற்கில்லை என்று தெரிந்துகொண்டார்கள். பல வீடுகளில் கட்டிலும் உடைகளும் தயாராக இருந்தன. குழந்தைகளிடமும் படங்கள் காட்டப்பட்டிருந்தன.

உலகம் முழுக்கவே எண்ணிக்கை சுருங்கிவிட்டது. 2004-இல் ஆண்டுக்குச் சுமார் 45,000 குழந்தைகள் நாடு கடந்து தத்துப் போனார்கள். இப்போது சில ஆயிரம்தான். உள்நாட்டிலேயே குடும்பம் கிடைக்கிறது என்பதும் ஒரு காரணம், அது நல்ல செய்தி.

இதற்கு என்ன முன்னேற்பாடு? ஒன்றுதான். நீங்கள் வராமல் போனாலும் குழந்தைக்கு நஷ்டம் குறைவாக இருக்கும்படி நடந்துகொள்வது. சின்னக் குழந்தைக்கு வளர்ப்புக் குடும்பம் அப்படியே தொடரும். பெரிய குழந்தைக்குத்தான் சிக்கல்.

குழந்தைக்கு ஆறு ஏழு வயது. எங்களைப் பற்றி எப்போது, எப்படிச் சொல்வார்கள்?

வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பக் குழந்தைக்கு எடுத்துச் சொல்லி, அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்பது ஹேக் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 'வேண்டாம்' என்று சொல்லவும் குழந்தைக்கு இடம் உண்டு. ஒரு நாள் வேண்டும், ஒரு நாள் வேண்டாம் என்று சொல்வது இயல்பு.

தேதி சொல்லாதீர்கள், யார் சொன்னாலும் தடுத்துவிடுங்கள். "அடுத்த பிறந்தநாளுக்குள் வந்துவிடுவோம்" என்று ஒரு வாக்குறுதி, பிறந்தநாள் தாண்டினால் பொய். அதற்குப் பதில் முடிந்ததைச் சொல்லுங்கள்: "இந்த மாதம் நீதிபதிக்குக் கடிதம் போயிற்று." பெரிய குழந்தைகள் காத்திருப்பதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பதைத்தான் பொறுக்க மாட்டார்கள். அந்த வீட்டில் கூடவே வளரும் மற்ற குழந்தைகளையும் மறக்காதீர்கள். அண்ணன் என்று நினைத்தவன் அண்ணன்தான்.

தாய்மொழி மறந்துவிடுமா?

பேசுவது மறக்கும், நாம் நினைப்பதைவிட வேகமாக. சில மாதங்களிலேயே புது மொழி முன்னே வந்துவிடும். ஆனால் மூளை முழுதாகத் துடைத்துவிடுவதில்லை. மான்ட்ரியலில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சீனாவிலிருந்து சுமார் ஒரு வயதில் தத்துப் போய், பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த 9 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளுக்குச் சீன மொழியின் ஸ்வரங்களைக் கேட்கவைத்தார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அவர்கள் மூளை வேலை செய்த விதம், சீன மொழி பேசிக்கொண்டே வளர்ந்தவர்களுடையதை ஒத்திருந்தது. வளர்ப்புத் தாய் பேசிய பேச்சு எங்கேயோ உள்ளே கிடக்கிறது.

குழந்தையைக் கையில் வாங்கும் நாள் எப்படி இருக்கும்?

ஒரு நாளாக இருக்கக் கூடாது, பல நாட்களாக இருக்க வேண்டும். அலுவலகத்தில் வைத்து அரை மணி நேரத்தில் கைமாற்றிக் கையெழுத்து வாங்கும் இடங்களும் உண்டு. முடிந்தவரை அதை மறுத்து, வளர்ப்பு வீட்டுக்கே போக அனுமதி கேளுங்கள்.

எங்களுக்கு ஐந்து நாள் கிடைத்தது. முதல் நாள் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தோம். இரண்டாம் நாள் வளர்ப்புத் தாய் அவளைக் குளிப்பாட்டும்போது நான் துண்டை நீட்டினேன். மூன்றாம் நாள் அவர் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார். அடுத்து ஐந்து நிமிடம். ஒவ்வொரு முறையும் குழந்தை அவர் முகத்தைத்தான் பார்த்தாள், என்னை அல்ல. அந்த முகம் சரி என்று சொல்கிறதா என்று பார்த்தாள். அவர் சிரித்தார். லிஃப்ட் வரை எங்களோடு வந்து, கதவு மூடும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார். மூடியதும் கேட்ட சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அன்று இரவு 20 மாதக் குழந்தை தன் செருப்பை எடுத்து, இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, விடுதி அறைக் கதவருகே போய் நின்றாள். அழவில்லை. கதவைத் தட்டினாள். பிறகு மூன்று மணி நேரம் அழுதாள். என் கணவர் அந்த 11 நொடி வார்த்தைகளை மோசமான உச்சரிப்பில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நடந்தார். எப்போது தூங்கினாள் என்று எங்களுக்குத் தெரியாது.

அழவே இல்லை, சமர்த்தாக இருக்கிறது என்றால் நல்லதுதானே?

அவசியம் இல்லை. மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்த சின்னக் குழந்தைகளை 1950-களில் கவனித்த ஜேம்ஸ் ராபர்ட்சன் மூன்று கட்டங்களைச் சொன்னார்: முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கை இழந்த மௌனம், பிறகு கவலையே இல்லாததுபோல் விலகிவிடுவது. அந்தக் காலத்து ஊழியர்கள் மூன்றாவதைப் பார்த்து 'பழகிவிட்டது' என்று திருப்தி அடைந்தார்கள். நீங்கள் ஏமாற வேண்டாம். ஓயாத அழுகை சோர்வைத் தரும்தான், ஆனால் அழும் குழந்தை இன்னும் யாரோ வருவார் என்று நம்புகிறது. முதல் சில வாரங்கள் விருந்தினர் வேண்டாம். தூக்குவது, ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் நீங்கள் இருவர் மட்டுமே செய்யுங்கள். பாட்டி தாத்தாவுக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

பிறகு வளர்ப்புக் குடும்பத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டால் குழந்தை குழம்பாதா?

காணாமல் போனால்தான் குழம்பும். அவர்கள் செத்துப்போகவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை, நன்றாக இருக்கிறார்கள் என்று குழந்தை பார்ப்பது நல்லது. விதி இடம் கொடுத்தால் படம் அனுப்புங்கள், வருடத்துக்கு ஒரு முறையாவது பேசுங்கள். பெயர்கள், முகவரி, அறிக்கைகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அரசிடம் உள்ள பதிவுகளைப் பாதுகாக்க ஹேக் ஒப்பந்தத்தின் 30-ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவுகளில் 11 நொடித் தாலாட்டு இருக்காது.

சென்ற மாதம் வீடியோவில் பேசினோம். மகளுக்கு அந்த மொழி தெரியாது, அந்த அம்மாவுக்கு எங்கள் மொழி தெரியாது, நடுவில் அவர் மகன் மொழிபெயர்த்தான். பள்ளி, விழுந்த பல், வரைந்த படம் எல்லாம் காட்டி முடிந்தது. அந்த அம்மா ஏதோ சொல்லித் தன் காதைத் தொட்டுக் காட்டினார். மகன் மொழிபெயர்ப்பதற்கு முன்பே என் மகள் திரும்பி என் காதைப் பிடித்து இழுத்து, திரைக்குக் காட்டினாள்.